விழுமுன் ஒலிக்கும் குழல்



செட்டிபாளையத்தில் மாலை வேளையில் வாவிக்கரைப் பக்கம் சென்று சிறிது நேரம் நின்றவர்கள், கொக்கு தரையிறங்கும் காட்சியைக் கண்டிருப்பார்கள். நேராகப் பறந்துவரும் பறவை கரையை அண்மியதும் தன் சிறகுகளின் முன்விளிம்பை மேல்நோக்கி நிமிர்த்துகிறது. வேகம் குறைகிறது. அவ்வேளையில் சிறகின் மேற்புறத்துச் சிற்றிறகுகள் சில சிலிர்த்தெழுகின்றன. மறுகணம் கால்கள் சேற்றில் ஊன்றிவிடுகின்றன. சிறகின்மேல் ஒழுங்காக ஓடிய காற்று கலைந்து சுழலத் தொடங்கிவிட்டது என்பதற்கு அந்தச் சிலிர்ப்பே அடையாளம். கொக்குக்குத் தரை ஓரடித் தூரத்திலேயே இருக்கிறது; ஆகவே அதற்குக் கவலையில்லை. 400 அடி உயரத்திலே ஓர் ஆகாயவிமானத்துக்கு இந்நிலை நேர்ந்தால் என்னாகும்?

இந்நிலையை ஆங்கிலத்தில் ஸ்டால் என்பர். மோட்டார் வண்டியின் இயந்திரம் திடீரென நின்றுபோவதையும் அதே சொல்லால் குறிப்பதால், மாணவர் பலர் விமானத்தின் இயந்திரம் நின்றுவிட்டதாகவே எண்ணிக்கொள்கின்றனர். அது பிழை. இயந்திரம் முழு வலுவுடன் முழங்கிக்கொண்டிருக்கும்போதே சிறகு தன் தூக்குவிசையை இழக்கக்கூடும். காற்றைச் சிறகு எதிர்கொள்ளும் கோணமே இதற்குக் காரணம். சாதாரணச் சிறகொன்றில் அக்கோணம் ஏறத்தாழ 15 அல்லது 16 பாகையைத் தாண்டினால், மேற்புறக் காற்றுச் சிறகைவிட்டுப் பிரிந்துவிடும். பட்டம் கட்டும் சிறுவர் இதை நன்கறிவர். முச்சை பிழைத்த பட்டம் எத்தனை காற்றடித்தாலும் ஏறாது.

வேகத்தைக் காட்டும் கருவி இருக்கின்றதே, அது போதாதா என்று சிலர் வினவலாம். போதாது. நேராகப் பறக்கையில் 50 நொட் வேகத்தில் தூக்குவிசையை இழக்கும் விமானம், உயரம் குன்றாமல் 60 பாகை சரிந்து திரும்பும்போது 70 நொட் வேகத்திலேயே அதனை இழந்துவிடும். ஓடுபாதையை நோக்கித் தாழப் பறந்து கடைசித் திருப்பம் திரும்பும் விமானி, பாதையைத் தாண்டிவிட்டோமே என்ற பதற்றத்தில் சரிவை மிகுத்து, கைப்பிடியையும் தன்பக்கம் இழுக்கிறார். அங்கேதான் ஆபத்து. மீண்டெழுவதற்கு வேண்டிய உயரம் அவருக்குக் கீழே இல்லை. 1896ஆம் ஆண்டு ஆகஸ்ட் 9ஆம் நாள், ஜெர்மனியில் ஒற்றோ லிலியந்தால் என்னும் முன்னோடி, தாமே அமைத்த இயந்திரமில்லாச் சிறகூர்தி இவ்வாறு காற்றில் நிலைகுலைந்ததால் ஏறக்குறைய 50 அடி உயரத்திலிருந்து வீழ்ந்து, மறுநாள் உயிர் நீத்தார்.

தாமே விமானம் அமைப்போர் இன்றும் உளர். நமது நாட்டிலே, மொறட்டுவைப் பல்கலைக்கழக வேந்தராக விளங்கி 2010இல் மறைந்த பொறியியலாளர் ரே விஜேவர்தன, சிறு விமானங்களைத் தாமே வடிவமைத்து, தாமே ஓட்டியவர். மும்பாயில் அமோல் யாதவ் என்னும் விமானி, தம் குடியிருப்பின் மொட்டைமாடியிலே ஆறு இருக்கை விமானமொன்றை உருவாக்கி, 2017இல் அதனைப் பதிவுசெய்வித்தார். மாடிக்கு விமானப் பகுதிகளை ஏற்றியவர்களின் பாட்டை எண்ணினால் எனக்கு இன்றும் வியப்புத்தான்!

தொழிற்சாலையில் அமைந்த விமானத்துக்கும் இத்தகைய விமானத்துக்கும் ஒரு வேறுபாடுண்டு. முன்னதில் எச்சரிக்கைக் கருவியை எங்கே பொருத்துவது என்பதைத் தொழிற்சாலையார் பறந்து பார்த்து முடிவுசெய்திருப்பர். ஒருவர் தம் கையால் அமைத்த சிறகிலோ அந்த இடத்தை அவரேதான் கண்டறிதல் வேண்டும்.

1946ஆம் ஆண்டளவில் அமெரிக்கரான லெனார்ட் கிறீன் இக்கருவியை நடைமுறைக்குக் கொணர்ந்தார். அதன் அமைப்பு வியக்கத்தக்க அளவுக்கு எளியது. சிறகின் முன்விளிம்புக்குச் சற்றுக் கீழே, விரல்நகம் போன்ற சிறு தகடொன்று நீட்டிக்கொண்டிருக்கும். எதிர்வரும் காற்று முன்விளிம்பில் மோதி, மேலொன்றும் கீழொன்றுமாக இரண்டாய்ப் பிரிகிறது. வழக்கமாக அந்தப் பிரிவிடம் தகட்டுக்கு மேலே இருப்பதால், காற்றுத் தகட்டைக் கீழ்நோக்கி அழுத்தி வைத்திருக்கும். விமானத்தின் மூக்கு நிமிர நிமிரப் பிரிவிடம் கீழே இறங்கும். அது தகட்டைக் கடந்ததும், அதே காற்றுத் தகட்டை மேலே தூக்கிவிடும். தகட்டோடு பிணைந்த ஆளி மூடிக்கொள்ள, விமானியின் காதருகே குழல் ஒலிக்கும். வேகம் எதுவாயினும் இக்கருவி கோணத்தையே உணர்கிறது. அதன் பெருமை அதுவே.

பொருத்துவதில்தான் பொறுமை வேண்டும். முதலிற் சிறகைத் துளைத்தல் ஆகாது. சுழலியின் காற்று வீசாத இடமொன்றில், சிறகின் மேற்புறத்தே கம்பளி நூல் துண்டுகளை ஒட்டிப் பறந்தால், காற்று எங்கே முதலிற் கலைகிறது என்பதை அந்நூல்களின் துள்ளலே காட்டிவிடும். அதன்பின் கருவியை ஒட்டுநாடாவினால் தற்காலிகமாகப் பொருத்திக்கொண்டு, போதிய உயரத்துக்கு ஏறி, வேகத்தை மெல்ல மெல்லக் குறைத்தல் வேண்டும். குழல் எப்போது ஒலித்தது, சிறகு எப்போது கைவிட்டது என இரண்டையும் குறித்துக்கொள்ளல் வேண்டும். நேராகவும் திரும்பியும், மடிப்புகளை இறக்கியும் இறக்காமலும் இவ்வாறே செய்தல் வேண்டும். ஒலி பிந்தி வந்தால் தகட்டை ஓரிரு மில்லிமீற்றர் மேலே நகர்த்துவர். முந்தி வந்தால் கீழே நகர்த்துவர். தொழிற்சாலை விமானங்களுக்கு அமெரிக்காவில் நெடுங்காலம் நிலவிய விதி, குறைந்தது 5 நொட் இடைவெளி இருத்தல் வேண்டும் என்பதாகும். தம் கைவேலையில் நம்பிக்கை மிக்கவர்கள் இந்த இடைவெளியைக் குறைத்துக்கொள்ள எண்ணுவதுண்டு. அது எனக்கு உடன்பாடன்று. அதே வேளையில், மிக முந்தி ஒலிக்கும் குழலும் தீதே. ஒவ்வொரு தரையிறக்கத்திலும் நெடுநேரம் அலறும் குழலை, பத்தாம் முறையில் விமானியின் காது கேளாததாக்கிக்கொள்ளும்.

இடம் உறுதியான பின்னரே சிறகில் துளையிட்டு, துளையைச் சுற்றி வலுத்தகடு வைத்து, மின்கம்பியை உள்ளே செலுத்துவர்.

மின்சாரமே வேண்டாத வகையும் ஒன்றுண்டு. செஸ்னா நிறுவனத்தின் சிறு விமானங்கள் பலவற்றில் முன்விளிம்பிலே ஒரு துவாரம் மாத்திரமே காணப்படும். கோணம் மிகும்போது அவ்விடத்தில் உண்டாகும் உறிஞ்சல், உள்ளேயிருக்கும் குழலின் நாக்கை அதிரச் செய்கிறது. யாழ்ப்பாணத்துப் பட்டங்களிற் கட்டும் விண்ணைப் போலக் காற்றே இங்கும் ஒலியெழுப்புகிறது. அவ்விமானத்தில் ஏறுமுன் சிலர் துவாரத்தின்மேல் கைக்குட்டையை வைத்து, வாயால் உறிஞ்சிப் பார்ப்பர்.

தகட்டுக் கருவியானால் மின்சாரத்தைத் தொடுத்து, தகட்டை விரல்நுனியால் மெல்ல உயர்த்துதல் போதும். குழல் ஒலித்தால் விமானி ஏறி அமரலாம். ஒலிக்காவிடின், கடற்காற்று ஆளியின் தொடுமுனையை அரித்திருக்கிறதா, கம்பி எங்கேனும் அறுந்திருக்கிறதா என்று பார்க்கும்வரை விமானம் தரையிலேயே நிற்கட்டும்.