மலைப்பகுதி அவசரகாலப் பணிகளில் ஆளில்லா வானூர்தி மேலாண்மை: கொல்லிமலை வாழவந்தி நாட்டை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

காவல், தீயணைப்பு, மீட்புப் பணிகளில் ஆளில்லா வானூர்திகளின் (ட்ரோன்களின்) பயன்பாடு தமிழகத்தில் வளர்ந்து வருகிறது. கருவியை வாங்குவது எளிது. அதனை இயக்குவோர், இயக்கும் விதிகள், அது திரட்டும் பதிவுகள் ஆகியவற்றை ஒழுங்குபடுத்துவதே கடினம். மலைப்பகுதிகளில் துறைதோறும் தனித்தனிக் கருவிகள் வைப்பதைவிட, ஒரே கட்டளையின்கீழ் இயங்கும் பொது அலகே பொருத்தமானது என்பதை வாழவந்தி நாட்டின் நிலவமைப்பைக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: ஆளில்லா வானூர்தி, கொல்லிமலை, பேரிடர் மேலாண்மை, ட்ரோன் விதிகள் 2021, தனியுரிமை.

முன்னுரை

நாமக்கல் மாவட்டம் கொல்லிமலையில் உள்ள நாடுகளுள் ஒன்று வாழவந்தி நாடு. காரவள்ளியிலிருந்து மலையேறும் சாலை 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கொண்டது. விபத்தோ காட்டுத்தீயோ நிகழும்போது அடிவாரத்திலிருந்து வரும் ஊர்திகள் இவ்வளைவுகளைக் கடந்தே வரவேண்டும். அந்த இடைவெளியில் நிகழ்விடத்தின் நிலையை அறியத் தருவதே வானூர்தியின் முதற்பயன். அப்பயன் கிடைப்பது மேலாண்மையைப் பொறுத்தது.

தமிழகத்தின் முன்மாதிரி

தமிழ்நாடு அரசு 2022ஆம் ஆண்டில் ஆளில்லா வான்வழி வாகனங்களுக்கெனத் தனிக் கழகம் ஒன்றை நிறுவியது. சென்னைப் பெருநகரக் காவல்துறையின் ட்ரோன் பிரிவு 2023 ஜூனில் 9 வானூர்திகளுடன் அடையாற்றில் தொடங்கப்பட்டது. விரைந்து சென்று கண்காணிப்பவை, கடலில் தத்தளிப்போருக்கு மிதவை கொண்டுசெல்லும் அளவுக்குச் சுமை தூக்குபவை, நெடுந்தொலைவு பறப்பவை என மூவகைக் கருவிகள் அதில் இடம்பெற்றன. பணிக்கேற்பக் கருவியைப் பிரித்தது இம்முன்மாதிரியின் சிறப்பு. எனினும் சமவெளிக் கடற்கரை நகருக்கு வகுத்த முறையை மலைக்கு அப்படியே பொருத்த இயலாது.

நிலவமைப்பு விதிக்கும் வரம்புகள்

முதலாவது, உயரம். கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,200 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி சுமார் 11 விழுக்காடு குறைகிறது. சுழலிகள் அதே எடையைத் தாங்க மிகுதியாக உழைப்பதால் பறக்கும் நேரம் சுருங்குகிறது. ஓர் எடுத்துக்காட்டாக, 30 நிமிடம் பறக்கும் கருவியில் ஐந்தில் ஒரு பங்கு மின்னாற்றலைக் காப்பாக ஒதுக்கி, போகவர 10 நிமிடத்தைக் கழித்தால், நிகழ்விடத்தில் 14 நிமிடமே எஞ்சும். ஆகவே கருவிகளின் எண்ணிக்கையைவிட மாற்று மின்கலங்களும் மின்னேற்ற வசதியும் முதன்மை பெறுகின்றன.

இரண்டாவது, சரிவு. ட்ரோன் விதிகள் 2021-இன்படி பச்சை மண்டலத்தில் 120 மீட்டர் உயரம் வரை முன் அனுமதியின்றிப் பறக்கலாம். அதற்கு மேல் மஞ்சள் மண்டலமாகக் கருதப்படும். மலைவிளிம்பிலிருந்து கிடைமட்டமாகப் பறக்கும் கருவி, கீழே நிலம் சரியச் சரிய, தான் ஏறாமலேயே அவ்வரம்பைக் கடந்துவிடக்கூடும். முகடுகள் வானலைத் தொடர்பையும் மறிக்கும். புறப்படும் இடங்களை முன்கூட்டியே அளந்து வரைபடத்தில் குறித்து வைப்பதே இதற்குத் தீர்வு.

மூன்றாவது, காடு. வெப்ப ஒளிப்படக் கருவி இருளிலும் மனித உடலைக் காட்டும். ஆனால் அடர்ந்த இலைக்கூரையை ஊடுருவாது. பகலில் வெயிலேறிய பாறையும் உடல்வெப்பத்தை மறைத்துவிடும். ஆதலால் விடியற்காலைத் தேடலே பெரும்பாலும் தெளிவான பயன் தரும்.

ஒரே கட்டளையின் தேவை

2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணிக் காட்டுத்தீயில் மலையேற்றம் சென்றோர் சிக்கி, 20-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். வனம், காவல், தீயணைப்பு, வருவாய்த் துறையினருடன் விமானப்படையின் ஹெலிகாப்டர்களும் மீட்பில் ஈடுபட்டன. இத்தகைய சூழலில் ஒவ்வொரு துறையும் தன் வானூர்தியைத் தனித்துப் பறக்கவிட்டால் அதுவே இடராகும். 2025 ஜனவரியில் லாஸ் ஏஞ்சல்ஸ் காட்டுத்தீயை அணைத்த விமானம் ஒன்றின் இறக்கையில் தனியார் ட்ரோன் மோதியதால், அவ்விமானம் பணியிலிருந்து நிறுத்தப்பட்டது.

எனவே ஹெலிகாப்டர் வருமுன் எல்லா வானூர்திகளையும் தரையிறக்க ஆணையிடும் அதிகாரம் ஒருவரிடமே இருத்தல் வேண்டும். காவல் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத அலுவலர், உடனடித் தேவை கருதி, ஒரு பகுதியை 96 மணி நேரத்துக்கு மிகாமல் தற்காலிகச் சிவப்பு மண்டலமாக அறிவிக்க விதிகள் இடமளிக்கின்றன. மீட்புப்பணியின்போது தனியார் கருவிகளை விலக்க இவ்விதி உதவும்.

அலகின் ஒவ்வொரு பணிக்கும் மூவர் தேவை: கருவியை இயக்குபவர், வானையும் சூழலையும் கண்காணிப்பவர், படத்தைப் படித்துக் களத்தினருக்கு உரைப்பவர். இயக்குபவரே படத்தையும் ஆராய்ந்தால் இரு பணிகளும் கெடும்.

பதிவும் நம்பிக்கையும்

மேற்சொன்ன விதிகளிலிருந்து இயல்பாக விலக்குப் பெறுபவை முப்படைகளே. காவல்துறையும் பதிவு, சான்று ஆகிய கடமைகளுக்கு உட்பட்டது. 2017-இல் உச்ச நீதிமன்றம் தனியுரிமையை அடிப்படை உரிமையாக உறுதிசெய்தபின், வீடுகளின் மீது பறக்கும் ஒளிப்படக் கருவிக்குச் சட்டப்பூர்வமான நோக்கம் காட்டப்பட வேண்டும். அமெரிக்காவின் சூலா விஸ்டா நகரக் காவல்துறை, 2018-இல் தொடங்கிய தன் ட்ரோன் திட்டத்தில், பறத்தல் விவரங்களைப் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கிறது. மலையாளிப் பழங்குடியினர் வாழும் கொல்லிமலையில் இது இன்னும் இன்றியமையாதது. தேடலுக்கென வந்த கருவி வேவுக்குப் பயன்படுகிறது என்ற ஐயம் எழுந்தால், வழித்தடங்களை நன்கறிந்த மக்களின் ஒத்துழைப்பை மீட்புக்குழு இழக்கும். எவ்வானூர்தியும் அவ்வறிவுக்கு ஈடாகாது.

முடிவுரை

வாழவந்தி நாடு போன்ற மலைப்பகுதிக்குத் தேவைப்படுவது துறைகள் பகிர்ந்துகொள்ளும் சிற்றலகு ஒன்று. அளந்து குறித்த புறப்பாட்டிடங்கள், போதிய மின்கலங்கள், மூவர் குழு, ஒரே கட்டளை, வெளிப்படையான பறத்தற்பதிவு ஆகிய ஐந்தும் அதன் அடிப்படைகள். இவை அமைந்தபின் கருவி வாங்குவதே முறை. கருவியை முதலில் வாங்கினால், தேவைப்படும் நாளில் அது பெட்டிக்குள்ளேயே கிடக்க நேரும்.