எனக்குப் பிறகு என் பிள்ளை எங்கே இருப்பான்?

மனநோயுடன் வாழ்வோருக்கு ஆதரவுடன் கூடிய தங்குமிடமும் வேலையும்

மனநோயுடன் வாழும் பிள்ளையின் பெற்றோர் மருத்துவரிடம் மருந்தைப் பற்றிக் கேட்பார்கள், தூக்கத்தைப் பற்றிக் கேட்பார்கள், உடல் எடை கூடுவதைப் பற்றியும் கேட்பார்கள். ஆனால் இரவில் தூங்கவிடாத கேள்வியை வாய்விட்டுக் கேட்பவர்கள் குறைவு. எனக்குப் பிறகு இவனை யார் பார்த்துக்கொள்வார்?

இந்தக் கையேடு அந்தக் கேள்வியைப் பற்றியது. மனச்சிதைவு நோய், இருமுனைக் கோளாறு, கடுமையான மனச்சோர்வு போன்றவற்றுடன் பல ஆண்டுகளாக வாழும் மகனோ மகளோ, தம்பியோ தங்கையோ உங்கள் வீட்டில் இருந்தால் தொடர்ந்து படியுங்கள்.

ஒரு குடும்பத்தை எண்ணிப் பாருங்கள். இது எந்தத் தனிப்பட்ட குடும்பத்தின் கதையும் அல்ல. ஆனால் இப்படிப்பட்ட நிலை பலருக்குப் பழக்கமானது. ஈசூனில் மூவறை வீடு. அம்மாவுக்கு 74 வயது, மகனுக்கு 43. தேசிய சேவையை முடித்த கையோடு அவனுக்கு நோய் தொடங்கியது. அன்று முதல் அம்மாதான் மாத்திரையை எடுத்துக் கொடுக்கிறார், சமைக்கிறார், துணி துவைக்கிறார், மருத்துவரைப் பார்க்கக் கூடவே போகிறார். மகனுக்கு இப்போது குரல்கள் கேட்பதில்லை. ஆனால் சோறு சமைக்கத் தெரியாது. எந்த மாத்திரை எத்தனை என்றும் தெரியாது. ஒரு நாள் அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து, இடுப்பெலும்பு முறிந்து மருத்துவமனையில் சேர்க்கப்படுகிறார். மகன் வீட்டில் தனியாக இருக்கிறான். மாத்திரை எடுத்துத் தர ஆளில்லை. சில வாரங்களில் அவனும் மருத்துவமனையில்.

அந்த அம்மாவின் அன்பில் குறை எதுவும் இல்லை. எல்லாவற்றையும் அவரே செய்ததில், மகன் கற்றுக்கொள்ள வாய்ப்பில்லாமல் போய்விட்டது, அவ்வளவுதான். ஆகவே ‘எனக்குப் பிறகு’ என்று நாம் தள்ளிப்போடும் ஏற்பாட்டை, நீங்கள் நலமாக இருக்கும்போதே, உங்கள் கண்முன்னே தொடங்குவது நல்லது.

‘இல்லம்’ என்ற சொல்

‘இல்லம்’ என்றதும் தமிழர்களாகிய நமக்கு முதியோர் இல்லமும் ஆதரவற்றோர் இல்லமும் நினைவுக்கு வருகின்றன. பெற்ற பிள்ளையைக் கொண்டுபோய் விட்டுவிட்டார்கள் என்று உறவினர் பேசுவார்களோ என்ற அச்சமும் கூடவே வருகிறது. மூத்த தலைமுறையினருக்கு இன்னொரு நினைவும் உண்டு: உட்பிரிட்ஜ். இயோ சூ காங்கில் 1928ல் திறக்கப்பட்ட மனநோய் மருத்துவமனைக்கு 1951ல் அந்தப் பெயர் சூட்டப்பட்டது. 1993ல் அது புவாங்கோக் கிரீனுக்கு இடம் மாறி, மனநலக் கழகம் ஆயிற்று. பெயர் மாறி 30 ஆண்டுகளுக்கு மேலாகியும், காப்பிக்கடைப் பேச்சில் பழைய பெயர் இன்னும் வசவாகவே வழங்குகிறது.

இங்கே சொல்லப்படும் தங்குமிடங்கள் வேறு வகையானவை. இங்கே தங்குபவர் வெளியே போய்வருவார், குடும்பத்தாரைச் சந்திப்பார், இயன்றவர் வேலைக்கும் போவார். முடிந்தவரை தம் காலில் நிற்கப் பழக்குவதே நோக்கம்.

குடும்பத்தோடு இருப்பதுதானே நல்லது?

நியாயமான கேள்வி. 1950களில் லண்டனில் ஜார்ஜ் பிரவுன் என்ற ஆய்வாளரும் அவருடன் பணியாற்றியவர்களும், மனநோய் மருத்துவமனைகளிலிருந்து வெளியேறியவர்களின் நிலையை ஆராய்ந்தனர். அவர்கள் கண்டது எதிர்பாராதது. வாடகை அறைகளுக்கோ உடன்பிறந்தோர் வீட்டுக்கோ போனவர்களைக் காட்டிலும், பெற்றோருடனோ மனைவியுடனோ வாழச் சென்றவர்கள்தான் கூடுதலாக மீண்டும் நோய்வாய்ப்பட்டார்கள்.

இதனால் பெற்றோர்தான் நோய்க்குக் காரணம் என்று நினைத்துவிட வேண்டாம். அது உண்மையல்ல. பின்னர் நடந்த ஆய்வுகள் சிக்கல் எங்கே என்பதைக் காட்டின. ‘இன்னும் ஏன் குளிக்கவில்லை’, ‘இப்படியே படுத்துக் கிடந்தால் எப்படி’ என்று நாள் முழுவதும் கண்டித்துக்கொண்டிருந்தாலும், அதற்கு நேர்மாறாக ஒரு நிமிடமும் கண்ணை விட்டு அகலவிடாமல் கவலைப்பட்டுக்கொண்டிருந்தாலும், நோயிலிருந்து தேறிவரும் மனத்தால் அதைத் தாங்க முடிவதில்லை. 1976ல் வெளிவந்த ஓர் ஆய்வு, அப்படிப்பட்ட வீடுகளில்கூட, நேருக்கு நேர் சேர்ந்திருக்கும் நேரம் வாரத்துக்கு 35 மணி நேரத்துக்குக் குறைவாக இருந்தால் நோய் திரும்புவது குறைந்ததாகக் கூறியது. மருந்தைத் தவறாமல் எடுத்துக்கொண்டதும் அதே அளவு முக்கியமாக இருந்தது.

வாரத்துக்கு 35 மணி என்றால் நாளுக்கு ஐந்து மணி. எனவே தனித் தங்குமிடம் உடனே அமையாவிட்டாலும், பகலில் போய்வர ஓர் இடமோ வேலையோ கிடைத்தாலே வீட்டின் இறுக்கம் தளரும். அவருக்கும் நிம்மதி, உங்களுக்கும் நிம்மதி.

சிங்கப்பூரில் என்னென்ன உண்டு

மனநல மறுவாழ்வு இல்லங்களில் பணியாளர்கள் அருகிலிருந்து பழக்குவார்கள். சமைப்பது, துணி துவைப்பது, பணத்தைக் கணக்காகச் செலவிடுவது, மாத்திரையைத் தாமே நேரத்துக்கு எடுத்துக்கொள்வது ஆகியவை அன்றாடப் பாடங்கள். ஓரளவு தம்மைக் கவனித்துக்கொள்ளக்கூடியவர்களுக்கு மேற்பார்வை குறைந்த பாதுகாப்பு இல்லங்கள் உள்ளன. வீட்டிலிருந்தே போய்வர விரும்புவோருக்குப் பகல்நேர மறுவாழ்வு நிலையங்கள் இருக்கின்றன. ஹவ்காங், சீமெய் வட்டாரங்களில் சிங்கப்பூர் ஆங்கிலிக்கன் சமூக சேவைகள் அமைப்பு இத்தகைய நிலையங்களை நடத்துகிறது. இன, சமய வேறுபாடு பார்ப்பதில்லை. 1968ல் தொடங்கப்பட்ட சிங்கப்பூர் மனநலச் சங்கமும் இந்தத் துறையில் நீண்டகாலமாகச் சேவையாற்றி வருகிறது.

வருமானம் குறைந்த தனியாட்கள் வீவக வாடகை வீட்டை இன்னொருவருடன் பகிர்ந்து வாழலாம். முன்பு, கூட வசிப்பவரை விண்ணப்பதாரரே தேடிக்கொள்ள வேண்டியிருந்தது. நட்பு வட்டம் சுருங்கிப்போனவர்களுக்கு அது எவ்வளவு கடினம் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. 2021 டிசம்பரில் தொடங்கிய முன்னோடித் திட்டத்தின்கீழ் ஒருவர் தனியாகவே விண்ணப்பிக்கலாம். வீட்டை நிர்வகிக்கும் அமைப்பு பொருத்தமான துணையைச் சேர்த்துவிடும்; இருவருக்கும் மனத்தாங்கல் வந்தால் பேசித் தீர்க்கவும் உதவும்.

இல்லங்களில் இடத்துக்குக் காத்திருக்க நேரலாம். சீக்கிரமே விசாரிக்கச் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம். கட்டணத்துக்கு, குடும்ப வருமானத்தைப் பொறுத்து உதவித்தொகை உண்டு.

வேலை, குணமான பிறகா?

‘முதலில் நன்றாகக் குணமாகட்டும், பிறகு வேலையைப் பார்க்கலாம்’ என்பது நம் வீடுகளில் வழக்கமாகச் சொல்லப்படுவது. முன்பு மருத்துவத் துறையும் அப்படித்தான் எண்ணியது. பட்டறையில் பொருள்களைப் பொட்டலம் கட்டப் பழக்கி, ‘தயாரான பிறகு’ வெளி வேலைக்கு அனுப்புவது வழக்கம். சிலருக்கு அது பொருந்தியது. பலர் பட்டறையிலேயே தங்கிவிட்டார்கள்.

1990களில் அமெரிக்காவில் இதைத் தலைகீழாக்கிப் பார்த்தார்கள். வேலை செய்ய விரும்பும் எவருக்கும் முதலில் சாதாரண நிறுவனத்தில், சாதாரணச் சம்பளத்தில் வேலை தேடித் தருவது. பயிற்சியை அந்த வேலையிலேயே கொடுப்பது. வேலை கிடைத்த பிறகும் துணையாக இருப்பது. பல நாடுகளில் நடந்த ஆய்வுகளில், பழைய முறையைவிட ஏறத்தாழ இரு மடங்கினர் இந்த முறையில் வேலையில் அமர்ந்தனர்.

சிங்கப்பூரிலும் மனநலக் கழகமும் சமூக சேவை அமைப்புகளும் வேலை ஆதரவுச் சேவை வழங்குகின்றன. வேலைப் பயிற்றுநர் ஒருவர் விண்ணப்பம் எழுத உதவுவார், நேர்முகத் தேர்வுக்குப் பழக்குவார், தேவைப்பட்டால் முதலாளியிடமும் பேசுவார். பெரும்பாலும் சின்னச் சின்ன மாற்றங்களே போதும். இரவு மாத்திரையின் மயக்கம் காலையில் தெளியாதவருக்கு, ஏழு மணி வேலைநேரத்தைப் பிற்பகலுக்கு மாற்றித் தரலாம். நாளுக்கு நான்கு மணி நேரத்தில் தொடங்கி மெல்லக் கூட்டலாம். முதல் வேலை நிலைக்காமல் போகலாம். நோயில்லாதவர்களும் எத்தனையோ வேலை மாறுகிறார்கள். அதைத் தோல்வி என்று வீட்டில் பேச வேண்டாம்.

‘நோயை விண்ணப்பத்தில் எழுத வேண்டுமா?’ என்று பலர் கேட்கிறார்கள். வேலைக்குத் தொடர்பில்லாமல் மனநல நிலையைத் தெரிவிக்கும்படி விண்ணப்பதாரரைக் கேட்பது நியாயமான நடைமுறை அல்ல என்று 2020லேயே முதலாளிகளுக்குத் தெளிவுபடுத்தப்பட்டது. 2025 ஜனவரியில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய வேலையிட நியாயத்தன்மைச் சட்டம், மனநலப் பாதிப்பைக் காரணம் காட்டிப் பாகுபாடு காட்டுவதையும் தன் வரம்புக்குள் கொண்டுவருகிறது. தாமே விரும்பிச் சொல்வதா, எப்போது சொல்வது என்பதைப் பயிற்றுநருடன் பேசி முடிவெடுக்கலாம்.

எப்படித் தொடங்குவது

அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது, மருத்துவச் சமூக சேவையாளரைச் சந்திக்க வேண்டும் என்று கேளுங்கள். அல்லது ஒருங்கிணைந்த பராமரிப்பு அமைப்பை 1800-650-6060 என்ற எண்ணில் அழையுங்கள். எந்தச் சேவை பொருந்தும் என்று பார்த்து வழிகாட்டுவார்கள்.

அதுவரை வீட்டில் ஒன்று செய்யலாம். வாரத்துக்கான மாத்திரைப் பெட்டியை அவரே நிரப்பட்டும். நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள், கை வைக்காதீர்கள். மாத்திரைகளின் பெயர், அளவு, நோய் திரும்பும்போது முதலில் தெரியும் அறிகுறிகள், அவரை அமைதிப்படுத்துவது எது ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி, மற்றப் பிள்ளைகளிடம் ஒரு படி கொடுத்து வையுங்கள். இருபது ஆண்டுகளாக உங்கள் தலையில் மட்டும் இருக்கும் விவரங்கள் அவை.

நிரந்தர அதிகாரப் பத்திரம் பற்றியும் யோசியுங்கள். மனநோய் இருப்பதாலேயே ஒருவர் முடிவெடுக்கும் ஆற்றலை இழந்தவர் ஆகிவிடமாட்டார். 21 வயதான எவரும், தெளிவாக இருக்கும் காலத்தில், தமக்காகப் பிற்காலத்தில் முடிவெடுக்க நம்பகமான ஒருவரைத் தாமே நியமிக்கலாம். உங்களுக்கும் அப்படியொரு பத்திரம் இருக்கட்டும்.

மனநெருக்கடியில் பேச எந்நேரமும் 1771ஐ அழைக்கலாம். மனநலக் கழகத்தின் 24 மணி நேர எண் 6389 2222. உயிருக்கு ஆபத்து என்றால் 995. தமிழில் பேச விரும்பினால் அழைத்தவுடன் அதைச் சொல்லுங்கள். தங்குமிடம் பற்றியோ வேலை பற்றியோ விசாரிக்கும்போது, உங்கள் மகனையோ மகளையோ முதலில் கேட்டுவிட்டு, அவர் விரும்பினால் பக்கத்தில் உட்காரவைத்தே பேசுங்கள்.