சொல்லுக்கு ஜோடி உண்டு

விவேக் நகரில் குடியேறும் தமிழர்களில் பெரும்பாலோர் புத்தகம் வைத்துக் கன்னடம் படிப்பதில்லை. "ஊட்டா ஆயித்தா?" என்று பக்கத்து வீட்டார் கேட்பதை அப்படியே பிடித்துக்கொள்கிறார்கள். சொல் சொல்லாகப் பிரித்துப் பார்ப்பதில்லை.

ஆங்கிலத்துக்கு மட்டும் இந்த வழியை விட்டுவிடுகிறார்கள். தனிச்சொல்லை மனப்பாடம் செய்து, தமிழ் வாக்கியத்தில் பொருத்துகிறார்கள். மாத்திரை சாப்பிடுவது "ஈட்" ஆகிவிடுகிறது. அங்கே "டேக்" என்பதே வழக்கம். தப்புச் செய்வது "டூ" ஆகிறது; "மிஸ்டேக்"குக்கு ஜோடி "மேக்". பெரிய மழை "பிக் ரெயின்" அல்ல, "ஹெவி ரெயின்".

இதற்கெல்லாம் இலக்கண விதி கிடையாது. தமிழில் கோலம் போடுகிறோம், படம் வரைகிறோம். ஏன் என்றால், வழக்கம்!

லாகூரில் 1919 முதல் 1928 வரை ஆங்கிலப் பேராசிரியராக இருந்த ஜே. ஆர். பர்த், ஒரு சொல்லின் பொருளில் அதன் கூட்டாளிச் சொற்களுக்கும் பங்குண்டு என்று பின்னாளில் விளக்கினார். ஜப்பானில் ஆங்கிலக் கற்பித்தல் ஆலோசகராக இருந்த ஹெரால்ட் பாமர், 1933-இல் இத்தகைய சொற்கூட்டுகளைத் தொகுத்து வெளியிட்டார்.

தமிழில் படித்து வந்த குமாஸ்தா இன்டர்வியூவில் தடுமாறுவது அறிவுக் குறைவால் அல்ல. சொல் தெரியும், ஜோடி தெரியாது. "சிரிப்பார்களோ" என்று அஞ்சி, பதவி உயர்வுக்கு மனுவே போடாதவர்களும் உண்டு.

வழி எளிது. நோட்டில் "டிசிஷன்" என்று மட்டும் எழுதாமல், "டேக் எ டிசிஷன்" என்று சேர்த்தே எழுத வேண்டும். தினமும் ஆங்கிலப் பத்திரிகையில் ஒரு பத்தி படித்து, மூன்று ஜோடிகளைக் குறித்து, வாய்விட்டுச் சொல்லிப் பழகினால், ஓராண்டில் ஆயிரத்துக்கு மேல் சேர்ந்துவிடும்.