கடல் கடந்த வழியும் கடிகாரக் கணக்கும்

பாலாற்றங்கரை ஊர்களில் பதனிடப்பெறும் தோல், பெரும்பாலும் கப்பலேறியே கடல் கடக்கின்றது. ஆனால் ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம் ஆகிய ஊர்களிலிருந்து ஹஜ் கடமையை நிறைவேற்றப் புறப்படுவோரோ வான்வழியே செல்கின்றனர். அவ்வழியின் தொலைவையும் நேரத்தையும் அறிந்துகொள்வது வணக்கத்திற்கும் துணையாகும்.

பம்பாயிலிருந்து ஹாஜிகள் கப்பலேறிய காலம் ஒன்று இருந்தது. ஜித்தா வரை ஏறத்தாழ 2,300 கடல் மைல்; அதாவது 4,260 கிலோமீட்டர். பழைய கப்பல்கள் அதனைக் கடக்கப் பன்னிரண்டு முதல் பதினைந்து நாள்கள் ஆயின. 1995ஆம் ஆண்டில் அக்கடற்பயணம் நின்றது.

சென்னைக்கும் ஜித்தாவுக்கும் இடையே, உருண்டையான நிலவுலகின்மீது அளக்கப்படும் மிகக் குறுகிய தொலைவு ஏறத்தாழ 4,440 கிலோமீட்டர். மணிக்கு 850 கிலோமீட்டர் விரையும் விமானம், ஏறி இறங்கும் நேரத்தையும் சேர்த்து, இதனை ஐந்தரை முதல் ஆறு மணி நேரத்தில் கடக்கும். குளிர்காலத்தில் உயர்வானில் மேற்கிலிருந்து வீசும் காற்று, போகும்போது எதிர்க்கும், திரும்பும்போது உந்தும்.

ஆயினும் கடிகாரம் வேறு கதை சொல்லும். காலை 6 மணிக்குச் சென்னையில் புறப்பட்டு ஆறு மணி நேரம் பறந்தவர், ஜித்தாவில் இறங்குகையில் அங்கு மணி 9.30 தான். காரணம் யாது? கதிரவன் ஒரு தீர்க்கக்கோட்டுப் பாகையைக் கடக்க நான்கு நிமிடங்கள் ஆகின்றன. இந்திய நேரம் 82½ பாகையையும், சவூதி நேரம் 45 பாகையையும் அடிப்படையாகக் கொண்டவை. இடைப்பட்ட 37½ பாகைகளுக்கு 150 நிமிடங்கள். அதாவது இரண்டரை மணி.

கதிரவனையே நோக்கினால் வேறுபாடு இன்னும் சிறிது மிகும். சென்னை 80 பாகையிலும் ஜித்தா 39 பாகையிலும் உள்ளன. இடையே 41 பாகைகள், 164 நிமிடங்கள். ஆகவே சென்னையில் நோன்பு வைத்துப் பகலில் பறந்து சென்று ஜித்தாவில் நோன்பு திறப்பவருக்கு அன்றைய பகல் ஏறத்தாழ இரண்டே முக்கால் மணி நேரம் நீளும். கைக்கடிகாரத்தை நம்பி இடைவழியில் நோன்பு திறந்துவிடலாகாது. கதிரவன் மறைவதே அளவுகோல்.

இஹ்ராமின் நிலையும் இத்தகையதே. நேரே மக்கா செல்வோர் மீக்காத்து எல்லையைக் கடக்குமுன் இஹ்ராம் பூணுதல் வேண்டும். கப்பலில் சென்றோர்க்கு அதற்குப் போதிய அவகாசம் இருந்தது. விமானமோ நிமிடத்திற்குப் பதினான்கு கிலோமீட்டர் பறக்கின்றது. பத்து நிமிடம் கண்ணயர்ந்தால் 140 கிலோமீட்டர் கடந்துவிடும். எனவே இஹ்ராம் ஆடையை வீட்டிலோ விமான நிலையத்திலோ அணிந்துகொண்டு, எல்லை நெருங்கும் அறிவிப்புக் கேட்டவுடன் நிய்யத் செய்வது பாதுகாப்பானது.

அறிவியல் வழியைச் சுருக்கியது. அதனுடன் நம் விழிப்பிற்குரிய நேரத்தையும் சுருக்கிவிட்டது. முன்னோர் பதினைந்து நாள்களில் பெற்ற ஆயத்தத்தை, நாம் புறப்படுமுன் இல்லத்திலேயே பெற்றாக வேண்டும்.