பிட்மேப் தேடலின் எல்லை நிலைகள்

பிட்மேப் என்பது ஒவ்வொரு வளத்தின் நிலையையும் ஒரே பிட்டால் குறிக்கும் தரவுக் கட்டமைப்பு ஆகும். வழக்கமாக 1 என்பது பயன்பாட்டில் உள்ளதையும் 0 என்பது காலியாக உள்ளதையும் குறிக்கும். எக்ஸ்ட்4 கோப்பு முறைமை வட்டின் காலி இடங்களை இவ்வாறே கண்காணிக்கிறது.

லினக்சு கருனி, 64-பிட் கணினியில் 64 பிட்டுகளை ஒரு ‘சொல்’லாகச் சேர்த்துச் சோதிப்பதால் தேடல் விரைவாக நடக்கிறது. ஆனால் சொல்லின் எல்லையும் பிட்மேப்பின் எல்லையும் ஒன்றாக இல்லாதபோது பிழைகள் தோன்றுகின்றன.

மிஞ்சும் பிட்டுகள்

100 பிட்டுகளுக்கு இரண்டு சொற்கள், அதாவது 128 பிட்டுகள் தேவை. மிஞ்சும் 28 பிட்டுகள் எதையும் குறிப்பதில்லை. பிட்டுகள் 0 முதல் எண்ணப்படுகின்றன. காலியிடம் இல்லையெனில் தேடல் 100 என்ற அளவையே விடையாகத் தர வேண்டும். மிஞ்சியவை அனைத்தும் 0 எனில், அவற்றை நீக்க மறந்த நிரலும் தற்செயலாக 100 என்றே தரும், பிழை மறைந்துவிடும். அங்கு வேறு மதிப்புகள் இருந்தால் 105 போன்ற இல்லாத எண் கிடைக்கலாம். அதை நம்பும் நிரல் பிறருடைய தரவை அழிக்கக்கூடும். எனவே கருனி, கண்ட எண், அளவு ஆகிய இரண்டில் சிறியதையே திருப்பித் தருகிறது.

முழுமையான சொற்கள்

அளவு 128 எனில் எதுவும் மிஞ்சாது. 64ஆல் வகுத்த மீதியைக் கொண்டு மறைப்பான் அமைக்கும் எளிய வாய்பாடு இங்கு 0 தரும். கடைசிச் சொல் முழுவதும் தேடலிலிருந்து விடுபடும். சி மொழியில் 64-பிட் எண்ணை 64 இடங்கள் நகர்த்துவதும் வரையறுக்கப்படாத செயலாகும்.

மறுஆய்வு

ஆகவே 0, 1, 63, 64, 65 ஆகிய அளவுகளையும், தொடக்க இடம் அளவுக்குச் சமமாகவோ மேலாகவோ இருக்கும் நிலையையும் சோதிக்க வேண்டும். மிஞ்சும் பிட்டுகளை ஒருமுறை 0 ஆகவும், ஒருமுறை 1 ஆகவும், ஒருமுறை கலந்தும் நிரப்பிப் பார்ப்பது அவசியம்.