மூளை நாடியில் ஒரு வீக்கம்: படம் எதைச் சொல்லும்?



சைக்கிள் டியூப்பில் நைந்த இடம் காற்றடிக்கும்போது புடைத்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். மூளையின் நாடிச் சுவர் பலவீனப்பட்ட இடத்திலும் இப்படியொரு வீக்கம் தோன்றலாம். வைத்தியர்கள் இதை அனியூரிசம் என்பர். வளர்ந்தோரில் நூற்றுக்குச் சுமார் 3 பேருக்கு இது உண்டு, பெண்களிடமே அதிகம். பெரும்பாலானவை வெடிப்பதேயில்லை. வெடித்தாலோ உயிருக்கே ஆபத்து.

1927 இல் போர்த்துக்கல் வைத்தியர் எகாஸ் மொனிஸ், உயிருள்ள மனிதரின் மூளை நாடிகளை எக்ஸ்ரே படத்தில் காட்டினார். இன்று எம்.ஆர்.ஐ., சீ.டீ. ஸ்கேன்கள் சில மில்லிமீற்றர் வீக்கத்தையும் காட்டுகின்றன. ஆனால் எது வெடிக்கும் என்பதைப் படம் மட்டும் சொல்லாது. 2014 இல் வெளியான 'பேசஸ்' என்னும் கணிப்பு முறை, வீக்கத்தின் பருமன், இருக்குமிடம் ஆகியவற்றோடு நோயாளியின் வயது, குருதியமுக்கம் போன்றவற்றையும் சேர்த்தே ஐந்தாண்டு ஆபத்தை மதிப்பிடுகிறது. மறு ஸ்கேனில் வீக்கம் வளர்ந்திருந்தால் ஆபத்தும் கூடியதாகவே கொள்வர். சத்திரசிகிச்சையிலும் ஆபத்துண்டு. ஆகவே சிலருக்குச் சிகிச்சை, சிலருக்குக் கண்காணிப்பு மட்டுமே.

எல்லோரும் ஸ்கேனுக்கு ஓட வேண்டியதில்லை. பெற்றோர், உடன்பிறந்தார், பிள்ளைகளில் இருவருக்கு இந்நோய் வந்திருந்தால் வைத்தியரிடம் கேளுங்கள். பிரஷரைக் கட்டுப்பாட்டில் வையுங்கள். புகைப்பதும் இவ்வாபத்தைக் கூட்டும். புகைக்கும் கணவரையும் மகனையும் அதைக் கைவிடச் செய்யுங்கள். ஒருபோதும் கண்டிராத கடும் தலைவலி திடீரெனத் தாக்கினால், தைலம் தடவிக் காத்திராமல் உடனே வைத்தியசாலைக்கு விரையுங்கள்.