மகன் விமானம் ஓட்டப் போகிறானா? பாலிசியைப் பிரித்துப் படியுங்கள்

2025 ஏப்ரல் 22 அன்று குஜராத்தின் அம்ரேலி நகரில், தனியாகப் பறந்த பயிற்சி விமானி ஒருவர் குடியிருப்புப் பகுதியில் விமானம் விழுந்து இறந்தார். அதே ஆண்டு நவம்பரில் நம் திருச்சி–புதுக்கோட்டை நெடுஞ்சாலையில், நார்த்தாமலை அருகே ஒரு பயிற்சி விமானம் அவசரமாகத் தரையிறங்கியது. உள்ளே இருந்த இருவரும் பிழைத்தார்கள். இதையெல்லாம் வாட்ஸ்அப்பில் பார்த்து உச்சுக்கொட்டிவிட்டு, மறுவாரமே ஃபீஸ் கட்டக் கிளம்பும் பெற்றோரை ராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் பார்க்கிறேன். ஹார்பர் வேலையில் சேர்ந்த பி.எஃப். பணம், வீட்டுப் பத்திரம், போதாததற்குக் கல்விக்கடன். ஹாஸ்டலில் சாப்பாடு எப்படி என்று துருவித் துருவி விசாரிக்கிறார்கள். இன்ஷூரன்ஸ் பற்றி ஒரு வார்த்தை கிடையாது.

கேட்டால், "பையன் பேர்ல எல்ஐசி இருக்கு சார்" என்பார்கள். இருக்கட்டும். அதோடு எடுத்த விபத்து ரைடரில் 'விலக்குகள்' என்ற பகுதியைப் படித்தீர்களா? விமானத்தில் பயணியாகப் போனால்தான் விபத்துத் தொகை. தனிநபர் விபத்துப் பாலிசிகளிலும் பெரும்பாலும் இதே நிபந்தனைதான். ஓட்டுகிற பையன் பயணி அல்ல. ஆகவே பறக்கும் பயிற்சிக்கும் பொருந்தும் காப்பீடு இருக்கிறதா என்று பயிற்சிப் பள்ளியிடம் எழுத்தில் கேளுங்கள்: தொகை எவ்வளவு, நாமினி யார், பாலிசி நகல் எங்கே? "எல்லாம் இருக்கு, கவலைப்படாதீங்க" என்பது பதில் ஆகாது. விமானத்துக்கு இன்ஷூரன்ஸ் இருப்பது வேறு, மாணவனுக்கு இருப்பது வேறு. சேர்க்கை நாளில் நீட்டும் கட்டுக் காகிதத்தில் 'விபத்துக்குப் பள்ளி பொறுப்பல்ல' என்ற உறுதிமொழி இருந்தால், படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். பையனின் பறப்புப் பதிவேட்டை, அதான் லாக்புக்கை, பக்கம் பக்கமாகப் போட்டோ எடுத்து வீட்டுக்கு அனுப்பச் சொல்லுங்கள்.

விபரீதம் நடந்துவிட்டால் குடும்பங்கள் தவறுவது இரண்டு இடத்தில். இறப்புச் சான்றிதழ் சென்னை மாநகராட்சியில் கிடைக்காது. மரணம் நடந்த ஊரில்தான் பதிவாகும். எஃப்.ஐ.ஆர்., பிரேதப் பரிசோதனை அறிக்கையும் அங்கேதான். உடலோடு ஊர் திரும்பும் அவசரத்தில் இவற்றை விட்டுவிட்டு, பிறகு மொழி தெரியாத ஸ்டேஷனுக்கு நாயாய் அலைகிறார்கள். உறவினர் ஒருவராவது அங்கே தங்கி வாங்கி வரட்டும். வாரிசுச் சான்றிதழ் மட்டும் இங்கே, இ-சேவை மையம் வழியாகத் தாசில்தாரிடம்.

அடுத்தது, விமான விபத்து விசாரணைப் பிரிவின் அறிக்கைக்காகக் காத்திருப்பது. காரணம் கண்டு அடுத்த விபத்தைத் தடுப்பதுதான் அந்த விசாரணையின் வேலை. யார் பணம் தர வேண்டும் என்று அது சொல்லாது. இறுதி அறிக்கை எப்போது வரும் என்றும் சொல்ல முடியாது. மரணத்துக்கு இழப்பீடு கேட்டு 1855ஆம் ஆண்டு உயிரிழப்பு விபத்துச் சட்டப்படி சிவில் வழக்குப் போட இரண்டே வருடம்தான் கெடு. அதிகாரிகள் யாரும் வந்து இதை உங்களுக்கு நினைவூட்டமாட்டார்கள். அறிக்கை வரட்டும் என்று உட்காராதீர்கள்.

இன்ஷூரன்ஸ் கம்பெனி கையை விரித்தால் முதலில் அவர்களுக்கே எழுத்தில் புகார் கொடுங்கள். ஒரு மாதத்தில் பதில் இல்லை என்றாலோ, மறுத்தாலோ, தேனாம்பேட்டை அண்ணா சாலை ஃபாத்திமா அக்தர் கோர்ட் கட்டடத்தில் இருக்கும் இன்ஷூரன்ஸ் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணமும் இல்லை, வக்கீலும் வேண்டாம். மறுப்புக் கடிதம் கிடைத்து ஒரு வருடத்துக்குள் போக வேண்டும். அந்தக் கடிதத்தைக் கவரோடு பத்திரப்படுத்துங்கள். தேதி முத்திரை கவரில்தான் இருக்கும்.